முன்பாரம்

பின்பம்பரைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டிருந்தார்கள். அம்பாசடரின் டிக்கிக்கு அடியில் சாக்கு விரித்து மல்லாந்து கிடந்தவரின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உள்ளேயிருந்து சுத்தியல் தட்டும் சத்தம். "கணீர்னு கேட்டா இரும்பு. தொப்புனு கேட்டா துரு. இந்தப் பக்கம் பூரா தொப்புதான்."

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையோரத்துப் பட்டறை அது. அறுபதைத் தாண்டிய ஆசாரி ஒருவர், வெல்டிங் பையன்கள் இரண்டு பேர். டிராக்டர் டிரெய்லருக்குத் தளத் தகடு மாற்றுவது, கலப்பைக் கொழு அடிப்பது, வீட்டு கேட் செய்வது என்று ஓடும் பிழைப்பு. "காருக்கு வால் கட்டுறார், வந்து பார்" என்று நண்பர் ஒருவர் சொன்னதால் போனேன்.

காரின் சொந்தக்காரர் பாலக்கோட்டைத் தாண்டி, மாரண்டஅள்ளிப் பக்கம் தக்காளி போடுகிறவர். கார் அவருடைய அப்பா வாங்கியது. 1998ஆம் வருஷத்து டீசல் வண்டி, 1,489 சிசி எஞ்சின், நாற்பது குதிரைத்திறனைக்கூடத் தொடாதது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 2014 மே மாதம் நின்றபோது அம்பாசடரின் கதையும் முடிந்தது. இவருடையது இன்னும் ஓடுகிறது. விற்கலாம் என்றால் கேட்பவர்கள் பழைய இரும்பு விலைதான் சொல்கிறார்கள். அப்பா வாங்கிய காரை எடை போட்டு விற்க இவருக்கு மனசில்லை.

குட்டி யானை வாடகைதான் காருக்கு டிரெய்லர் கட்டும் யோசனையைக் கிளப்பியது. 2005இல் குட்டி யானை என்கிற டாடா ஏஸ் வந்த பிறகு முக்கால் டன் சரக்குக்கு நம் ஊர்களில் வேறு வண்டியைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஐரோப்பாவில் சாதாரணக் குடும்பக் கார்கூடச் சின்ன டிரெய்லரை இழுத்துப்போகும்; இங்கே அந்தப் பழக்கமே வளராததற்குக் குட்டி யானையும் ஒரு காரணம். ஆனால் தக்காளியின் கணக்கு வேறு. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய அதே பழம், இன்னொரு பருவத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டப்படும். விலை விழுந்த நாளிலும் வண்டி வாடகை குறைவதில்லை, மண்டிக் கமிஷனும் குறைவதில்லை. நஷ்டம் மட்டும் விளைவித்தவன் தலையில் விடியும். உழவர் சந்தையில் கமிஷன் இல்லை. ஆனால் தினமும் இருபது கிரேட் சரக்கைத் தருமபுரி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? இதைச் சொல்லும்போது தக்காளிக்காரர் குரல் உயர்ந்துவிட்டது. பையன்கள் வெல்டிங்கை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆசாரி அடியிலிருந்து வெளியே வந்தார்.

அம்பாசடருக்குத் தனிச் சேஸ் கிடையாது. மகிந்திரா ஜீப்புக்கு ஏணி மாதிரி இரண்டு நீளச் சட்டங்கள் உண்டு. அதில் எங்கே கொக்கி மாட்டினாலும் தாங்கும். இரண்டாம் உலகப் போரில் ஜீப்புக்குப் பின்னால் கால் டன் டிரெய்லர் ஓடியது அந்தச் சட்டத்தை நம்பித்தான். அம்பாசடரில் உடம்பும் தரையும் ஒரே கூடு. பம்பரில் கொக்கி மாட்டினால் முதல் மேட்டில் பம்பர் தனியாகவும் கார் தனியாகவும் போகும். அதனால் ஆசாரி பின்பக்கக் கமான் பட்டைகளின் மாட்டல்கள் இருக்கும் இடத்தைத் தேடினார். கூட்டிலேயே கெட்டியான இடம் அது. துருப்பிடித்த பக்கத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தார். பிறகு இரண்டு பக்கத்தையும் இணைத்துக் குறுக்கே ஒரு சேனல். அதைப் பற்றவைக்காமல் போல்ட் போட்டே முடுக்கினார். மெல்லிய தகட்டில் வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும், பிறகு அந்த இடத்திலேயே துரு பிடிக்கும் என்பது அவர் கட்சி. போல்ட்டின் தலையில் வலுவைக் காட்டும் 8.8 என்ற எண் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். இல்லாத இரண்டைத் தூக்கி எறிந்தார்.

டிரெய்லரின் அச்சு ஒரு சதுரக் கம்பி. அதன் இரு முனைகளிலும் இன்னொரு அம்பாசடரிலிருந்து கழற்றிய முன்சக்கரக் குடங்கள். காருக்கும் டிரெய்லருக்கும் ஒரே அளவு டயர் என்பதால் ஸ்டெப்னி ஒன்று போதும். டிராக்டரில் போடும் கொக்கியும் பின்னும் இதற்கு ஆகாது. அவற்றுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு இடி விழும். கூரியரில் வந்திருந்த 50 மில்லிமீட்டர் உருண்டையைச் சேனலில் பூட்டி, கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்தார்கள். கழன்றால் ஏர்க்கால் தரையில் குத்தாதபடி அடியில் குறுக்காக இரண்டு சங்கிலி. விளக்கு ஒயர் இழுத்த கதையை என்னிடம் கேட்காதீர்கள். கூடுதல் பல்பு சேர்ந்ததும் இண்டிகேட்டர் படபடவென்று அடித்தது, ஆசாரி "பிளாஷரை மாத்துடா" என்றார், மாற்றினார்கள்.

ஏர்க்கால் என்று நான் எழுதியது அவர் சொன்ன சொல்தான். டிரெய்லரின் முன்தண்டுக்கு அவரிடம் வேறு பெயர் இல்லை. அவருடைய அப்பா மாட்டுவண்டி செய்தவர். குடம், ஆரக்கால், கடையாணி என்றே பேச்சு நடக்கிறது. பத்து வயதில் பட்டா போடுவதற்குத் துருத்தி ஊதியிருக்கிறார். பழுத்த இரும்பு வளையத்தைச் சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றும்போது மரம் முனகும் என்கிறார். டயர் வண்டி வந்ததும் பட்டா போனது. டிராக்டர் வந்ததும் மாடு போனது. அப்பா கடைசியாகச் செய்த வண்டியை வாங்கியவர், அதன் சக்கரத்தை மட்டும் ஒரு ஓட்டல் வாசலில் அலங்காரத்துக்கு விற்றுவிட்டாராம். அந்த ஓட்டலில் இவர் சாப்பிட மாட்டார்.

அப்பாவிடமிருந்து வந்த பாடம் பார நிதானம். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே எகிறிக் கயிறு கழுத்தை இறுக்கும். காரும் அப்படித்தான். சுமை அச்சுக்குப் பின்னால் போனால் டிரெய்லர் காரின் வாலைத் தூக்கும், வேகத்தில் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும், அந்த ஆட்டம் காரையும் சேர்த்து இழுக்கும். மொத்த எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு உருண்டையின்மேல் உட்கார வேண்டும் என்பது வெளிநாட்டுக் கையேடுகளின் கணக்கு. ஆசாரி கையேடு பார்ப்பதில்லை. இருபது கிரேட்டில் மண் நிரப்பி ஏற்றச் சொன்னார். ஏர்க்காலை இரண்டு கையாலும் தூக்கினார். "நாப்பது."

பக்கத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து கொக்கித் தராசு வாங்கி வந்து மாட்டினேன். ஐம்பத்தைந்து.

"அந்தக் கடைத் தராசு எந்தக் காலத்துல சார் கூட்டிக் காட்டியிருக்கு?" என்று அவர் கேட்டார். பையன்கள் சிரித்தார்கள். பிறகு இரண்டு கிரேட்டைப் பின்னுக்கு நகர்த்தச் சொன்னார்.

பிரேக் விஷயத்தில் மட்டும் அவர் சிரிக்கவில்லை. காரின் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரெய்லரில் பிரேக்கே இல்லை. ஐரோப்பிய விதிப்படி பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோ அல்லது காரின் எடையில் பாதி, இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. சுமார் 1,100 கிலோ எடையுள்ள அம்பாசடருக்கு அது 550. கிரேட் ஒன்று 25 கிலோ என்றால் இருபதுக்கே 500. டிரெய்லரின் சொந்த எடை இன்னும் சேரவில்லை. "இழுக்கறது பெரிசில்ல தம்பி. நிக்கணும். பதினஞ்சு கிரேட்டுக்கு மேல ஏத்தாத. சேலத்துக்குன்னு தொப்பூர் இறங்கிடாத." அந்தச் சரிவில் பிரேக் பிடிக்காத லாரிகள் என்ன செய்யும் என்பது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். 2024 ஜனவரியில் அங்கே ஒரே விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள்.

சட்டத்தைக் கேட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன்படி டிரெய்லருக்கும் தனிப் பதிவு எண் வேண்டும். வண்டியைக் கம்பெனி வடிவத்திலிருந்து மாற்றுவதை 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கிச் சொன்னது. "காட்டுக்குள்ளதான் சார் ஓட்டுவேன்," என்றார் தக்காளிக்காரர். உழவர் சந்தை காட்டுக்குள் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். பதிவு இல்லாத டிரெய்லர் ஒருவர் மேல் மோதினால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். பதிவுக்கு எவ்வளவு அலைய வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த அலைச்சல் உண்மை என்றாலும், அவர் செய்வது சரி என்று என்னால் எழுத முடியாது.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது ஆசாரி ஒரு கரும்பு டிரெய்லரின் கமானைக் கழற்றிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. கையெல்லாம் கிரீஸ் என்பதால் பையன் ஸ்பீக்கரில் போட்டான்.

"ணா, மேடு ஏறறப்ப கிளட்ச் வாடை அடிக்குதுங்ணா."

"எத்தினி கிரேட்?"

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. ஒரு பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"முப்பதுங்ணா."

ஆசாரி ஸ்பேனரைத் தட்டில் போட்டார். "பாதியை அங்கயே இறக்கி வை. நான் வர்றேன்," என்று சொல்லிவிட்டு, பையனிடம் மொபெட் சாவியைக் கேட்டார்.