கேஸ் கீசரும் மோல் கணக்கும்



மார்கழி பிறந்துவிட்டது. வெந்நீர் இல்லாமல் குளிக்க முடியாது. அதனால் இந்தப் பதிவைத் தள்ளிப்போடாமல் எழுதுகிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் தங்கை மகனின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருக்கிறான். பனி வருகிறது என்று வென்டிலேட்டரையும் கண்ணாடி வைத்து அடைத்துவிட்டான். "கேஸ் கசிஞ்சா வாசனை வந்துடுமே பெரியம்மா, அப்புறம் என்ன பயம்?" என்றான். கசிவைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரிதான். கசிந்தால் தெரியட்டும் என்றுதான் சிலிண்டர் வாயுவில் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். என் பயமெல்லாம் வாயு எரிவதைப் பற்றி. அவனை உட்கார வைத்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.

சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரொப்பேனும். கணக்குக்குப் பியூட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். 2 பியூட்டேன் மூலக்கூறுகள் முழுதாக எரிய 13 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம கன அளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811-இல் அவகாட்ரோ சொன்னார். ஆகவே இதை அப்படியே லிட்டரிலும் சொல்லலாம்: 2 லிட்டருக்கு 13 லிட்டர். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். எனவே 1 லிட்டர் பியூட்டேனுக்குச் சுமார் 31 லிட்டர் காற்று தேவை.

ஒரு மோல் பியூட்டேன் 58 கிராம். அறை வெப்பநிலையில் சுமார் 24 லிட்டர். 200 கிராம் எரிந்தால் சுமார் 83 லிட்டர் வாயு. அதற்கு ஏறக்குறைய 2,560 லிட்டர் காற்று வேண்டும். அவன் குளியலறை 5 அடிக்கு 6 அடி, உயரம் 8 அடி. மொத்தக் காற்றே சுமார் 6,800 லிட்டர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கீசருக்கே போய்விடும்!

எட்டாம் வகுப்பில் எரியும் மெழுகுவர்த்தியை டம்ளரால் மூடிக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? ஆக்சிஜன் முழுதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடும். கீசர் அப்படிச் சட்டென்று அணையாமல் அரைகுறையாக எரியக்கூடும். 13 ஆக்சிஜன் வேண்டிய இடத்தில் 9 மட்டும் கிடைத்தால், கணக்குப்படி கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் கார்பன் மோனாக்சைடுதான் வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், பிறகு மயக்கம். கதவோ உள்ளே தாழ்.

கவரைப் பார்த்தவன் மறுபேச்சில்லாமல் பிளம்பரைக் கூப்பிட்டான். மறுநாளே கீசர் வெளிச்சுவருக்குப் போனது. வென்டிலேட்டர் கண்ணாடியும் இறங்கியது.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் நடத்தினேன். மோல் கணக்கை நீங்கள் மேல் வகுப்பில் வேறு ஆசிரியர்களிடம் படித்திருப்பீர்கள். மறந்திருந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் செய்யுங்கள். கேஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால் வெளியே மாற்றுங்கள். மாற்றும்வரை, வாளியில் வெந்நீர் பிடித்துக் கீசரை அணைத்துவிட்டு, அறையைக் காற்றாட விட்டபின் குளியுங்கள். வென்டிலேட்டரை அடைக்காதீர்கள். நீலச் சுடர் மஞ்சளானால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் இதை அனுப்பிவையுங்கள். மாற்றியவர்கள் கீழே ஒரு வரி எழுதினால் எனக்கு நிம்மதி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்