"ஒண்ணுமில்ல தம்பி, நீ போ"

2022 மார்கழி. ஆண்டாள் கோயிலுக்குப் போய்விட்டு, வரும்போது பேத்திக்குப் பால்கோவா வாங்கி வருகிறேன் என்று சொல்லி ராஜபாளையத்திலிருந்து என் டிவிஎஸ் 50-இல் கிளம்பினேன். மில் வேலையில் இருந்த காலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பேனோ தெரியாது. ஹெல்மெட் இருந்தது, ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டு.

மடவார் வளாகம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பின்னாலிருந்து வந்த பைக் ஒன்று என் கைப்பிடியைத் தட்டிவிட்டது. அடுத்து நான் தரையில் கிடந்தேன். முழங்காலில் சிராய்ப்பு. தலை தார் ரோட்டில் 'டொக்'கென்று பட்டது. ஆனால் ரத்தம் இல்லை. இரண்டு பேர் ஓடி வந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். ஒருவர் சோடா உடைத்துக் கொடுத்தார். நல்ல மனசு. ஆனால் தலையிலோ கழுத்திலோ அடிபட்டவரை அப்படித் தூக்கவும் கூடாது, குடிக்கவும் கொடுக்கக் கூடாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஒருவர் 108-க்குப் போன் போடப் போனார். நான்தான் தடுத்தேன். இடித்த பையன் கல்லூரியில் படிக்கிறவன் போல. கை நடுங்கிக்கொண்டு நின்றான். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுருவாருங்கய்யா" என்றான். எனக்கு மனசு இளகிவிட்டது. "ஒண்ணுமில்ல தம்பி, நீ போ. பாத்து ஓட்டு" என்று அனுப்பிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் பெரிய மனுஷன் என்று பார்த்ததில் எனக்கும் உள்ளூரப் பெருமைதான். சாமி கும்பிட்டு, பால்கோவாவும் வாங்கிக்கொண்டு, அதே வண்டியில் வீடு திரும்பினேன். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்து ஊருலகத்துக்கெல்லாம் அனுப்புகிறார்கள்; எனக்கு ஒரு சாண் வாங்கிக் கட்ட மனமில்லை. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டேன்.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் காலை காப்பி டம்ளர் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. அடுத்த நாளும் விழுந்தது. இடது காலில் செருப்பு நிற்கவில்லை. பக்கவாதம் என்று பயந்து மகன் மதுரைக்குக் கூட்டிப் போனான். டாக்டர், "எங்கயாவது விழுந்தீங்களா?" என்று கேட்டார். "இல்லையே" என்றேன். பொய் இல்லை, நிஜமாகவே மறந்துவிட்டேன். வீட்டம்மாதான், "என்னங்க இல்லைங்கிறீங்க, மார்கழியில விழுந்தீங்களே!" என்றாள்.

ஸ்கேனில் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் இடையில் ரத்தம் தேங்கியிருந்தது. நம் வயதில் மூளை கொஞ்சம் சுருங்கி, அதைச் சுற்றியுள்ள சின்ன ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்குமாம். லேசான அடியில் அறுந்து, வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கசியுமாம். நெஞ்சுக்காக நான் தினமும் போடுகிற ஆஸ்பிரின் கசிவை நிற்கவும் விடாது. மண்டையில் துளை போட்டு எடுத்தார்கள். கை திரும்பி வந்தது. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த மாத்திரையைப் போடுகிறவர்கள்தான். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். விழுந்தபின் தலைவலி, தள்ளாட்டம், பேச்சில் தடுமாற்றம் என்று எது வந்தாலும், அது ஒரு மாதம் கழித்து வந்தாலும், விழுந்த கதையை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பில் கட்டியது மகன். எவ்வளவு என்று இன்று வரை என்னிடம் சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் பார்க்க வந்தார். மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். விபத்து நஷ்டஈட்டு வழக்குகளைக் கட்டுக்கட்டாகப் பார்த்தவர். "ஆஸ்பத்திரியில ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் போட்டாங்களா?" இல்லை. "எஃப்ஐஆர்?" இல்லை. "வண்டி நம்பர்?" இல்லை. "அப்ப எதை வச்சுக் கேக்குறது?" என்றார்.

"பாவம், சின்னப் பையன். அவன்கிட்ட எப்படிக் கேக்குறது?" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன்கிட்ட யாருய்யா கேட்டா? வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தா கம்பெனிதானே குடுக்கும்? அடுத்தவனுக்கு அடிபட்டா குடுக்கத்தானே கட்டாயமா கட்டச் சொல்லி வாங்குறான்? நீ பையனக் காப்பாத்தல, கம்பெனியக் காப்பாத்தி விட்டிருக்க."

பையன் மேல் வேகமாக ஓட்டினான் என்று போலீஸ் வழக்கு வந்திருக்கும், அது உண்மைதான். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், என்று, எங்கே, எப்படி அடிபட்டது என்று பதிந்திருந்தால் யாருக்கும் அநியாயம் ஆகியிருக்காது.

அவர் சொன்னதில் இன்னும் சில. 2022 ஏப்ரல் முதல் அமலான திருத்தப்படி நஷ்டஈட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். அதனால் நாளைக் கடத்தக் கூடாது. இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிர் போனால் இரண்டு லட்சமும் கிடைக்க வழி உண்டு. அதற்கும் போலீஸ் பதிவு வேண்டும். தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்ப்பவரைப் போலீஸ் சாட்சிக்கு அலைக்கழிக்கும் என்று நம் ஆட்கள் ஒதுங்கி நிற்பார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றமும் 2019-இல் சட்டத் திருத்தமும் அப்படி உதவுகிறவருக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டன. விருப்பமில்லாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றுதான் என்னை ரொம்பச் சங்கடப்படுத்தியது. நான் விழுவதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்பே, 2021 டிசம்பரில், நம் மாநிலத்தில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்று ஒரு திட்டம் வந்துவிட்டது. சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரத்துக்குப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில், தனியார் உட்பட, இலவச சிகிச்சை. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர்க்காரர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. அந்த 48 மணி நேரத்தில் நான் பால்கோவா தின்றுகொண்டிருந்தேன்.

இப்போது வண்டியில் போனால் ஹெல்மெட் தலையில். சட்டைப்பையில் ஒரு சீட்டு: மகன் நம்பர், நான் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர். வீட்டம்மா அவ்வப்போது, "அந்தப் பையன் வண்டி நம்பரு கொஞ்சமாவது ஞாபகம் வருதா?" என்பாள். டிஎன் 84 என்று ஆரம்பித்தது மட்டும் வருகிறது. நம் பக்கத்தில் எந்த வண்டிதான் 84 இல்லை?