அத்துவிட்டால் அப்பன் இல்லையா?

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம், கல்யாணம் ஆகாத பெண் கர்ப்பமானால் பேச்சு முதலில் ஊர்ப் பெரியவர்களிடம்தான் போகும். பையன் வீட்டார் ஒரு தொகை கட்டுவார்கள். “பெண்ணுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் எங்களுக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை” என்று முத்திரைத்தாளில் எழுதுவார்கள். ஆளுக்கொரு கைநாட்டு. அத்துவிட்டாச்சு!

அந்தத் தாள் பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை; அதை விட்டுக்கொடுக்கப் பெற்ற தாய்க்கே அதிகாரம் கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தின் 144-வது பிரிவிலும், திருமண உறவில் பிறக்காத பிள்ளைக்கும் ஜீவனாம்சம் உண்டு என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ‘என் பிள்ளை இல்லை’ என்பவனை டி.என்.ஏ. சோதனைக்கு வரும்படி கோர்ட் சொல்லலாம். வர மறுத்தால், அதையே அவனுக்கு எதிராக எடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

மிளகு பறிக்கக் கேரளாவுக்கும் காப்பித் தோட்டத்துக்குக் குடகுக்கும் போகிற பையன்கள் உண்டு. திரும்பி வரும்போது பிள்ளை நடக்கப் பழகியிருக்கும். ‘எனக்குத் தெரியவே தெரியாதே’ என்பான், உண்மையாகவும் இருக்கலாம். தெரியாமல் இருந்ததற்குச் சட்டம் தண்டிக்காது, தெரிந்த பிறகு ஒதுங்கவும் விடாது. அவனுக்கும் வாசல் அடைபடவில்லை: 1956-ம் ஆண்டு இந்து காப்பாளர் சட்டப்படி, இப்படிப் பிறந்த பிள்ளைக்கு முதல் காப்பாளர் தாய், அடுத்தவர் தகப்பன்.

கல்வராயன் மலையில் இன்னொரு சங்கதி. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. அங்குள்ள மலையாளி மக்கள் பழங்குடியினர். இந்து திருமணச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது, அவர்கள் வழக்கம்தான் சட்டம். ஆகவே ‘ரிஜிஸ்டர் பண்ணலையே’ என்று கைகழுவ முடியாது. நெடுநாள் புருஷன் பெண்சாதியாக வாழ்ந்தவர்களைத் தம்பதி என்றே அனுமானிக்க வேண்டும் என்று 2022-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பிறப்புச் சான்றிதழில் ‘அப்பா பேர் என்ன?’ என்ற கேள்வியிலேயே கூனிக் குறுகிப் போகிற பெண்கள் உண்டு. 2015 ஜூலை 6 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கும் வழி செய்தது: திருமணமாகாத தாய் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும், தகப்பன் பெயர் இல்லாமலே சான்றிதழ் தர வேண்டும். பிறந்த 21 நாளுக்குள் பதிந்தால் காசும் இல்லை. வளர்க்கவே முடியாதவள் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். அது குற்றமல்ல, மனம் மாற 2 மாத அவகாசமும் உண்டு. புதரில் போட்டுவிட்டு வருவதுதான் குற்றம்.

பெண்ணுக்குப் பதினெட்டு நிரம்பவில்லை என்றால் கதையே வேறு. ‘கட்டி வெச்சிடலாம்’ என்று பேசி முடிக்கிறவர்கள் 2006-ம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் மாட்டுவார்கள். தெரிந்தும் மறைத்தால் போக்சோவும் சேரும். அப்போதும் பிறந்த பிள்ளையின் உரிமையில் ஒன்றும் குறையாது.

பெரியவர்களே, அடுத்த கூட்டத்தில் முத்திரைத்தாள் வாங்க ஆள் அனுப்பும் முன்பு 15100-க்கு ஒரு போன் போடுங்கள். அது இலவச சட்ட உதவி எண். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அரசு செலவில் வக்கீல் வைத்துத் தருவார்கள்.