ஐந்தாம் அலகு

எங்கள் கல்லூரியில் மனையியல் மாணவிகளுக்கு மனித வளர்ச்சியும் உடல்நலமும் பற்றி ஒரு தாள் உண்டு. பதினான்கு வருடங்களாக அதை நான்தான் நடத்துகிறேன். மொத்தம் ஐந்து அலகுகள். கர்ப்ப காலத்தில் தொடங்கி, குழந்தைப் பருவம், வளரிளம் பருவம், நடுவயது என்று போய் ஐந்தாம் அலகில் முதுமை வரும். அது வரும்போது செமஸ்டரும் முடிந்துகொண்டிருக்கும்.

எல்லா வருடமும் இதே கதைதான். இரும்புச்சத்து, தாய்ப்பால், தடுப்பூசி அட்டவணை என்று முதல் இரண்டு அலகுகளுக்கே பாதி செமஸ்டர் போய்விடும். நடுவில் விளையாட்டு விழா, இன்டர்னல் தேர்வு. முதுமைக்கு மிஞ்சுவது நான்கு வகுப்புகள். "மேம், ஃபிஃப்த் யூனிட்டை சாய்ஸ்ல விட்டுரலாமா?" என்று யாராவது கேட்பார்கள். பெரிய கேள்விகளில் ஐந்துக்கு மூன்று எழுதினால் போதும் என்பதால் விடலாம்தான். நானும் சிரித்துக்கொண்டே, "உங்க இஷ்டம்" என்பேன்.

அந்த நான்கு வகுப்புகளிலும் நான் தவறாமல் சொல்லித்தரும் விஷயம் ஒன்று உண்டு. சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரது குழுவினரும் 1963-இல் வெளியிட்ட அளவுகோல். முதியவர் ஒருவர் யார் உதவியும் இல்லாமல் குளிக்கிறாரா, உடுத்துகிறாரா, கழிப்பறைக்குப் போய்வருகிறாரா, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுகிறாரா, சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடிகிறதா, தானே சாப்பிடுகிறாரா. ஆறு கேள்விகள். முடியும் என்றால் 1, முடியாது என்றால் 0. பெரும்பாலும் முதலில் கைவிட்டுப் போவது குளியல், கடைசியில் போவது சாப்பாடு. உடம்பு தேறி வரும்போது இந்த வரிசை தலைகீழாகும். குழந்தை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளும் வரிசையோடு அது ஒத்துப்போவதையும் காட்ஸ் கவனித்தார். "அதான் முதுமையை இரண்டாம் குழந்தைப் பருவம்னு சொல்றாங்க" என்று நான் முடிப்பேன். மாணவிகள் எழுதிக்கொள்வார்கள்.

போன வருடம் இந்த அளவுகோலை வைத்து வீட்டிலுள்ள ஒரு முதியவரைப் பார்த்து எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவி தன் ஆச்சியைப் பற்றி எழுதியிருந்தாள். ஐந்து கட்டங்களில் எண் போட்டவள், குளியலுக்கான கட்டத்தில் மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: 'ஆச்சி தானே குளிக்கும். ஆனா நாங்க வாசல்ல நிக்கணும். நிக்கோம்னு அதுக்குத் தெரியக் கூடாது.' நான் சிவப்பு மையில் '0 அல்லது 1 மட்டும் போடவும்' என்று எழுதி அரை மதிப்பெண் குறைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டில் அம்மா குளிப்பதைத் தள்ளிப்போட ஆரம்பித்திருந்தாள்.

அம்மாவுக்கு அப்போது 79 வயது. அம்பாசமுத்திரத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகும் வரை தாமிரபரணியில்தான் குளியல். அப்பா போன பிறகு பாளையங்கோட்டையில் என்னோடு இருக்கிறாள். எங்கள் குளியலறையில் வழவழப்பான டைல்ஸ், ஏறி இறங்க ஒரு சின்னப் படி. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் குளித்தாள். பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை. கேட்டால், "மேலுக்கு முடியலட்டி, நாளைக்குக் குளிச்சுக்கிடுதேன்" என்பாள்.

நான் அதைச் சோம்பல் என்று நினைத்தேன், பிறகு பிடிவாதம் என்று. ஒருநாள் காலேஜுக்குக் கிளம்பும் அவசரத்தில், "நாலு நாளாச்சும்மா. பிள்ளைங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் போறாங்க, தெரியுதா?" என்று கத்திவிட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பையில் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது.

இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது. ஆம்புலன்ஸில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த அரை மதிப்பெண் நினைவுக்கு வந்தது. குளிப்பதற்கு என்னவெல்லாம் வேண்டும் என்று நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஈரத்தரையில் நிலை தடுமாறாமல் நிற்க வேண்டும். குனிந்து தண்ணீர் மோள வேண்டும். சோப்பு நுரையோடு கண்ணை மூடிக்கொண்டும் நிற்க வேண்டும். இதில் எது அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு காட்ஸ் சொன்ன வரிசை என் கண்முன் நடந்தது. மறுநாளே இட்லியைத் தானே பிய்த்துச் சாப்பிட்டாள். பிறகு வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றாள். ஒரு மாதத்தில் கழிப்பறைக்குப் போய்வந்தாள். அப்புறம் சேலை வேண்டாம் என்று நைட்டியைத் தானே மாட்டிக்கொண்டாள். குளியல் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை.

முதன்முதலாக அவளை நாற்காலியில் உட்காரவைத்து நான் குளிப்பாட்டப் போன அன்று, அம்மா பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு இருந்தாள், ஆற்றில் குளிக்கும் பெண்கள் கட்டுவதைப் போல. நைட்டியோடு குளிக்க மாட்டேன் என்றாள், அவிழ்க்கவும் மாட்டேன் என்றாள். "கதவைச் சாத்துட்டி" என்றாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம்.

இத்தனை வருடம் வகுப்பில் நான் சொன்ன 'இரண்டாம் குழந்தைப் பருவம்' அங்கே தப்பாகிப் போனது. வரிசை வேண்டுமானால் ஒன்றாக இருக்கலாம். குளிப்பாட்டப்படும் குழந்தைக்கு வெட்கமில்லை, அது எதையும் இழந்திருக்கவில்லை. அம்மாவுக்கு ஒரு ஆறே இருந்தது.

மனித வாழ்க்கையை எட்டுப் படிகளாகப் பிரித்து எரிக் எரிக்சன் 1950-இல் எழுதினார். அந்த எட்டையும் வருடா வருடம் நடத்துகிறேன். அவர் 1994-இல் இறந்த பிறகு, தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்த அவர் மனைவி ஜோன் ஒன்பதாவது படி ஒன்றைச் சேர்த்தார். அது 1997-இல் வந்தது. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் உடம்பு தன் பேச்சைக் கேட்காமல் போகும் காலத்தைப் பற்றியது அது. நடுவயதில் போட்ட வரைபடத்தில் அந்த இடம் இல்லை. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் எழுத முடிந்திருக்கிறது.

இந்த செமஸ்டரில் முதல் வாரமே ஐந்தாம் அலகைத் தொடங்கிவிட்டேன். "வரிசை மாறுதே மேம்" என்றார்கள். "பரவாயில்லை" என்றேன். அந்த மாணவி இப்போது இறுதியாண்டு. வராந்தாவில் அவளைப் பார்த்தபோது, போன வருடம் அரை மதிப்பெண் குறைத்தது தப்பு என்று சொன்னேன். அவளுக்கு எதுவென்றே ஞாபகம் இல்லை. "ஆச்சி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "இருக்கு மேம். இப்பவும் வாசல்லதான் நிக்கோம்" என்றாள்.

நாங்களும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். தலைக்கும் முதுகுக்கும் காலுக்கும் நான் ஊற்றுவேன். மற்றதை அம்மா பார்த்துக்கொள்வாள். அந்த நேரம் வந்ததும், "திரும்பி நில்லுட்டி" என்பாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பின்னால் தண்ணீர் மோளும் சத்தம் கேட்கும் வரை திரும்புவதில்லை.