விரலை நீட்டினால் விளையாட்டு

கீபோர்டு, மவுஸ் எல்லாம் சரி. நம் நாடித்துடிப்பே கணினிக்குக் கட்டளையானால்? ஏதோ சுஜாதா கதையில் வருகிற சமாச்சாரம் மாதிரி இருக்கிறதல்லவா, ஆனால் 1998-லேயே ஜப்பானில் கடைக்கு வந்துவிட்டது. நின்டெண்டோ 64-க்கு வெளியான 'டெட்ரிஸ் 64' விளையாட்டோடு காதில் மாட்ட ஒரு கிளிப் கொடுத்தார்கள். அது நாடியை எண்ணிச் சொல்ல, அதற்கேற்பக் கட்டைகள் விழும் வேகம் மாறும்.

2009-ல் நின்டெண்டோ தலைவர் சடோரு இவாட்டா அடுத்ததை அறிவித்தார். விரல் நுனியில் மாட்டும் 'வீ வைட்டாலிட்டி சென்சார்'.

இந்த மாதிரிக் கருவிகள் பெரும்பாலும் தோலுக்குள் கொஞ்சம் ஒளி பாய்ச்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் மாறும். எண்ணுவது சுலபம். துடிப்பு ஏன் எகிறியது என்பதுதான் வில்லங்கம். பயமா, சந்தோஷமா, மாடிப்படி ஏறிவந்த மூச்சிரைப்பா? இயந்திரத்துக்கு மூன்றும் ஒன்றுதான். விரல் சில்லிட்டிருந்தால் எண்ணுவதே தகராறு.

நான்கு வருடம் ஆகியும் கருவி வரவில்லை. 2013-ல் கேள்வி வந்தபோது இவாட்டா போட்டு உடைத்தார். சோதித்ததில் 100 பேரில் சுமார் 90 பேருக்குத்தான் எதிர்பார்த்தபடி வேலை செய்ததாம். ஆயிரத்தில் 999 பேருக்காவது செய்தால்தான் விற்கலாம் என்றார். (பரீட்சையில் 90 வாங்கினால் வீட்டில் பாயசம்!) கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் கோடிக்கும் மேல் விற்றது வீ. அத்தனை பேரும் இந்த சென்சாரை வாங்கியிருந்தால், ஒரு கோடிப் பேர் கையில் ஊமைக் கருவி.

2015-ல் இவாட்டா காலமானார். சென்சார் கடைக்கு வரவேயில்லை.