ஒரு நடை வந்து பார்த்துட்டுப் போ

அன்புள்ள மல்லி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கடைசியில் மை தீரப்போகிற மாதிரி நுணுக்கி ஒரு வரி எழுதியிருந்தாயே, அதற்குப் பதிலும் கடைசியில்தான். முதலில் என் கதையைக் கேள்.

நான் வேலையை விட்டதற்கு இந்தத் திருப்பூரில் மூன்று காரணம் உலாவுகிறது. முதலாளியோடு சண்டை என்கிறாள் என் நாத்தனார். கண் மங்கிப்போய் ஷேடு தெரியவில்லை என்று லாபில் எனக்குக் கீழே இருந்த பையன் சொல்லித் திரிகிறான். மூன்றாவதை நேரில்தான் சொல்லமுடியும், அத்தனை அசிங்கம். நிஜம் இதுதான்: இருபத்திரண்டு வருஷம் சாய லாபில் நின்றது போதும் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் தோன்றிவிட்டது.

இனி கன்சல்டன்ட் என்று கார்டு அடித்துக்கொண்டேன். அடித்து என்ன செய்ய? ஊருக்கே ஓசியில் யோசனை சொல்லிப் பழகிய வாய் இது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதே, அப்போது ஆரம்பித்தது. சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்றானதும், திரும்பத் திறந்தவர்களில் பலர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து திரும்பி வருகிற உப்புத் தண்ணீரிலேயே சாயம் போட்டுப் பழக வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீரோ இன்றைக்கு ஒரு குணம், நாளைக்கு ஒரு குணம். ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும்: “ஏனுங்க மேடம், ஒரே ஒரு சந்தேகமுங்க.” அரை மணி நேரம் பேசுவேன். இவர் போர்வைக்குள்ளிருந்து, “மீட்டர் போட்டிருந்தா இந்நேரம் வீடு கட்டியிருக்கலாம்” என்பார்.

கார்டு அடித்தபின் முதலில் கூப்பிட்டவர் கதையைக் கேட்டால் சிரிப்பாய். மெரூன் துணி திட்டுத் திட்டாக வருகிறது, டையிங் மாஸ்டரை மாற்றியும் சரியாகவில்லை என்றார். போய்ப் பார்த்தேன். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் பிஎச் பேப்பரை நனைத்தால் சோடா சேர்த்ததுபோல் காட்டுகிறது. உப்பு சாயத்தைத் துணியிடம் தள்ள வேண்டும். அது சமமாகப் பரவினபிறகு சோடா போட்டுப் பிடிக்க வைக்க வேண்டும். தண்ணீரிலேயே காரம் இருந்தால், தொட்ட இடத்திலேயே சாயம் ஒட்டிக்கொள்ளும். காய் வேகுமுன் புளியை ஊற்றின கதைதான். அசிட்டிக் ஆசிட் விட்டுக் காரத்தைக் குறைத்த பிறகு சாயத்தை விடுங்கள் என்று அங்கேயே, நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “ரொம்ப உபகாரமுங்க” என்றார். காபி வந்தது. கிளம்பும்போது ஒரு பை கொடுத்தார். ஆசையாகப் பிரித்தால் ஆறு பனியன்! ஏற்றுமதியில் கழித்துப் போட்டது. ஒவ்வொன்றுக்கும் இடது கை அரை அங்குலம் நீளம். “உன் முதல் ஃபீஸ்” என்று இவர் இன்றைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு வாக்கிங் போகிறார்.

பிறகுதான் எங்கள் ஆடிட்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். நான் வாங்கின சம்பளம் 55,000. இருபத்தைந்து நாளால் வகுத்து, ஒரு நாளைக்கு 2,200 கேட்கலாமா என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள், மல்லி. “மாசத்துல எத்தனை நாள் கூப்பிடுவாங்க? பத்து நாள் கூப்பிட்டாலே பெரிசு. பிஎஃப் யார் கட்டுவா? காய்ச்சல்னு படுத்தா யார் குடுப்பா?” பத்து நாளால் வகுத்தால் 5,500. அதன்மேல் இன்சூரன்ஸ், வண்டிச் செலவு, பிஎச் பேப்பர் தீர்ந்தால் வாங்கும் செலவு எல்லாம் ஏற்றி 7,500 என்று நிறுத்தினாள். அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்ல ஒரு வாரம் கண்ணாடி முன்னால் பழகினேன். சத்தியமாக.

முதல் நிஜமான பில் ஆறு நாளைக்கு, 45,000. வங்கியில் வந்ததோ 40,500. அந்தக் கம்பெனி கணக்குப்பிள்ளையைப் போனில் பிடித்து அழாத குறையாகச் சண்டை போட்டேன். மனுஷன் பொறுமையாக, “பத்து பெர்சென்ட் டிடிஎஸ்ங்க அக்கா, உங்க பான் நம்பர்லதான் ஏறியிருக்கும்” என்றார். பார்த்தால் வருமான வரிக்காரர்களின் 26ஏஎஸ் கணக்கில் 4,500 சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாமாம். என்னைப்போல் தொழில்நுட்ப ஆலோசனை சொல்கிறவர்கள் வரவில் பாதியை வருமானமென்று காட்டினால் கணக்குப் புத்தகம்கூட எழுத வேண்டாமாம். ஜிஎஸ்டியும், வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினால்தான். தாண்டட்டும், திருப்பதிக்கு நடந்தே போகிறேன்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் போட்டு வைத்திருக்கிறேன், அதற்குக் காசில்லை. அது இருந்தால் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று சட்டம். ஆனால் இந்த ஊரில் வாடிக்கையாளரிடம் சட்டம் பேசினவளுக்கு அடுத்த போன் வராது. அதனால் பாதி முன்பணம். வராவிட்டால் வண்டி கிளம்பாது.

இன்னொரு கூத்து. ஒருவர் தாராளமாக இரண்டு நாள் ஃபீஸ் கொடுத்துக் கூப்பிட்டார். போனால் பட்டறையைக் காட்டவே இல்லை. டிபன் முடிந்ததும் மெதுவாக, “உங்க பழைய கம்பெனியில அந்தக் கறுப்புக்கு என்ன ரெசிப்பிங்க? கலர் எந்த விலைக்கு எடுக்கறாங்க?” என்கிறார். வேலையை விட்டு வரும்போது ரெசிப்பி நோட்டை அங்கேயே வைத்துவிட்டுத்தான் வந்தேன், மனசிலிருப்பதையும் அங்கேயே வைத்துவிட்டேன் என்றேன். ஒரு நாள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னொரு நாளைக் கொடுக்கவில்லை; போகவரப் பேருந்தில் நான்தானே இடிபட்டேன்.

சரி, உன் கடைசி வரி. “பெருந்துறையில் கொழுந்தன் பட்டறைக்கு ஒரு நடை வந்து பார்த்துட்டுப் போ.” பார்க்கிறேன் கண்ணு. ஒரு நாளைக்கு 7,500, பாதி முன்பணம், கார் அவர் செலவு. நீ எழுதியிருந்த நம்பருக்கே நேற்று வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் போட்டுவிட்டேன். வீட்டில் பேச்சு வந்தால் நீ எதுவும் தெரியாதவள்போல் இரு. வியாழக்கிழமை எனக்கு ஒழிவு. வேலை முடிந்ததும் நேரே ஈரோடு, ராச்சாப்பாடு உன் வீட்டில்தான். அதற்கு நான் பில் போடமாட்டேன்.

பனியன் ஒன்று பிரிக்காமல் இருக்கிறது, உன் வீட்டுக்காரருக்கு எடுத்து வருகிறேன். இடது கையை மட்டும் அளந்து பார்க்கச் சொல்லாதே.

உன்,
சரசு