விதிவிலக்கில் தொடங்கும் கட்டுரை

தமிழ்த்துறைகளில் எழுதப்படும் ஆய்வுக்கட்டுரைகளின் தலைப்புகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், அவற்றுள் மிகப்பல ஒரே வாய்பாட்டில் அமைந்திருப்பதைக் காணலாம். ஒரு நூலின் பெயர், அதனோடு ஓர் 'இல்' உருபு, அதன்பின் ஒரு பன்மைப் பெயர். குறுந்தொகையில் பறவைகள், புறநானூற்றில் உவமைகள், இன்னாருடைய நாவல்களில் பெண்கள். ஏழாம் வேற்றுமை உருபுக்கு நம் கல்லூரிகளில் கிடைத்திருக்கும் மரியாதை வேறெந்த உருபுக்கும் கிடைத்ததில்லை. இத்தலைப்புகளில் பிழையென்று ஏதுமில்லை. ஆனால் அவை எதையும் கேட்பதில்லை. கேள்வி இல்லாத இடத்தில் விடைக்கு வேலையில்லை. தொகுப்பு மட்டுமே எஞ்சுகிறது.

நாங்கள் சிலர், கல்லூரி மாணவர்கள் கேட்டுக்கொள்ளும்போது, அவர்கள் துறையில் ஒப்படைப்பதற்கு முன்னர் அவர்களுடைய கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்லி வருகிறோம். நல்ல ஆய்வுக்கட்டுரை எழுதுவது எப்படி என்று அவர்கள் கேட்கும்போது பெரும்பாலும் எதிர்பார்ப்பது அமைப்பைப் பற்றிய விடையை: முன்னுரை எத்தனை பக்கம், இயல்கள் எத்தனை, அடிக்குறிப்பை எங்கே இடுவது என்பன போன்று. இவையெல்லாம் துறைதோறும் வேறுபடுவன. துறையலுவலகத்தில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கட்டுரைக்கு வலுவைத் தருவது வேறொன்று. அதை ஓர் எடுத்துக்காட்டின் வழியாகச் சொல்வதே எளிது.

முதுகலை மாணவி ஒருவர் குறுந்தொகையில் பறவைகள் என்னும் தலைப்பில் எழுதியிருந்தார். முதல் பத்துப் பக்கங்களில் சங்க இலக்கியத்தின் பெருமை, திணைக்கோட்பாடு, அறிஞர்களின் பாராட்டுரைகள். பின்னர் திணைவாரியாகப் பறவைகளின் அட்டவணை. கிளி, மயில், நாரை, குருகு என்று ஒவ்வொன்றுக்கும் மேற்கோள்கள். உழைப்பில் குறையில்லை. அட்டவணை முடியும் இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: அன்றில் நெய்தல் நிலப் பறவையாயினும் 160ஆம் பாடலில் குறிஞ்சியில் வந்திருப்பது விதிவிலக்கு எனலாம். அடுத்த பத்தியில் அவர் முடிவுரைக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு அந்த வாக்கியம்தான் கட்டுரையாகத் தோன்றியது. அதற்கு முன்னிருந்தவை யாவும் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்கான நடை.

ஏனெனில் அந்த இடத்தில்தான் பொருளுக்கும் விதிக்கும் இடையே உராய்வு நிகழ்கிறது. உரையாசிரியர்கள் அன்றிலை நெய்தலின் புள்ளாகக் கொள்வர். பனைமரத்தில் துணையோடு வாழ்வதாக அதைப் பல பாடல்கள் காட்டும். 160ஆம் பாடலிலோ அது தடா மரத்தின் உயர்ந்த கிளையில் இருந்து நள்ளிரவில் குரலெழுப்புகிறது. பதிப்புகள் அப்பாடலுக்குக் குறிஞ்சி என்று திணை குறிக்கின்றன. விதிவிலக்கு என்ற சொல்லைப் போட்டு இந்த உராய்வை மூடிவிட முடியும். ஏன் என்று கேட்டால் அது திறந்துகொள்ளும்.

கேட்டுப் பார்த்தால் குறைந்தது மூன்று விடைகள் எதிரே வந்து நிற்கின்றன. முதலாவது, புலவர் தமக்குரிய உரிமையைப் பயன்படுத்தியிருக்கலாம். ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் வேறு நிலத்தில் வந்தாலும், வந்த நிலத்தின் பொருளாகவே கொள்ளப்படும் என்று தொல்காப்பிய அகத்திணையியலே இடந்தருகிறது. இரண்டாவது, திணைக்குறிப்பையே ஐயுறலாம். குறுந்தொகையின் பாடல்கள் திணைவரிசையில் தொகுக்கப்பட்டவை அல்ல. அப்படியானால் இந்தப் பாடலைக் குறிஞ்சி என்று குறித்தவர் யார், எந்த அடிப்படையில் என்று கேட்டாக வேண்டும். மூன்றாவது, அன்றில் நெய்தலுக்கே உரியது என்ற கருத்தே பிற்காலத்தது ஆகலாம். கருப்பொருள்களுள் ஒன்றாகப் புள்ளைச் சொல்லும் தொல்காப்பிய நூற்பா எந்த நிலத்துக்கு எந்தப் பறவை என்று பெயர் சுட்டுவதில்லை. பட்டியல்களைத் தந்தவர்கள் இளம்பூரணர், நச்சினார்க்கினியர் போன்ற உரையாசிரியர்கள். அவர்களுக்கும் பாடல்களுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன.

இம்மூன்றும் ஒன்றாக உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதும், ஒவ்வொன்றையும் சோதிக்க வெவ்வேறு சான்று வேண்டும் என்பதும் முக்கியம். கேள்வி நல்ல கேள்வியா என்பதற்கு நாங்கள் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இதுவே: அதன் விடை பொய்யாகிவிடும் வாய்ப்பு இருக்க வேண்டும். சங்க இலக்கியத்தில் பறவைகள் சிறப்பிடம் பெறுகின்றன என்ற கூற்றை உலகில் எந்தப் பாடலாலும் பொய்யாக்க முடியாது. அதனாலேயே அதற்கு மதிப்பில்லை.

சான்றைத் தேடும் கட்டத்தில் மாணவர்கள் பலர் சறுக்குவது வட்டவாதத்தில். பறவையைப் பார்த்து ஒருவர் பாடலுக்குத் திணை குறித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திணைக்குறிப்பைச் சான்றாகக் காட்டி, இந்தத் திணையில்தான் இந்தப் பறவை வருகிறது என்று நாம் முடிவு கட்டினால், பதிப்பாசிரியர் பையில் போட்டதையே நாம் எடுத்துக் காட்டுகிறோம். இதிலிருந்து தப்ப, தொகுப்பிலேயே திணை உறுதியாகிவிட்ட நூல்களுக்குப் போக வேண்டும். அகநானூற்றில் ஒற்றையெண் பாடல்கள் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். பத்தின் மடங்குகள் நெய்தல். அன்றில் வரும் பாடல்களின் எண்களைக் குறித்தாலே போதும், தொகுத்தவர் அவற்றை எந்தத் திணையில் வைத்தார் என்பது தெரிந்துவிடும். ஐங்குறுநூறோ திணைக்கு நூறாக ஐவர் பாடியது. ஒப்பிடுவதற்கென்றே அமைந்தது போன்றது.

அங்கும் எண்ணிக்கை ஏமாற்றும். ஐங்குறுநூற்று நெய்தலில் வெள்ளாங்குருகுப் பத்து என ஒன்று உண்டு. பத்துப் பாடல்களிலும் அதே பறவை, அதே தொடக்கம். அட்டவணையில் இது பத்து என்று பதிவாகும். உண்மையில் அது அம்மூவனார் என்ற ஒரு புலவர் ஒரு முறை எடுத்த முடிவு. குறிஞ்சியில் கிள்ளைப் பத்தும் இத்தகையதே. நெய்தலில் 129, 130 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை என்பதால் நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடுபவர் அங்கே 98 என்று கொள்ள வேண்டும். இவை சிறு செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் பாடலைத் திறந்து பார்த்தவரையும் பட்டியலைப் படியெடுத்தவரையும் வேறுபடுத்திக் காட்டுபவை இந்தச் சிறு செய்திகளே.

எந்தப் பதிப்பைப் பார்த்தோம் என்று சொல்வதும் இதன் பகுதி. குறுந்தொகையை முதலில் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915இல் பதிப்பித்தார், உ.வே. சாமிநாதையரின் பதிப்பு 1937இல் வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இப்போது பயணம் தேவைப்படும் வேலையன்று. பழைய நூல்களின் மின்படிகள் பெருகிவிட்டன. இணையத்திலிருந்து ஒட்டியெடுத்த பாடத்தில் ஓர் எழுத்து தவறியிருந்தால் அதன்மேல் எழுப்பிய வாதமும் தவறிவிடும். சொல்லைத் தேட இணையம், மேற்கோள் காட்ட அச்சுப்பதிப்பு என்ற ஒழுங்கை நாங்கள் மாணவர்களுக்குப் பரிந்துரைப்போம்.

சான்றுகள் கைக்கு வந்தபின் அவற்றை எப்படிக் கோப்பது? இதற்குத் தமிழாய்வின் வரலாற்றிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. திருஞானசம்பந்தரின் காலத்தை 13ஆம் நூற்றாண்டில் வைத்தவர்களுள் கால்டுவெல்லும் ஒருவர். கூன்பாண்டியனை மார்க்கோ போலோ குறிப்பிடும் சுந்தரபாண்டியனாகக் கொண்டதால் வந்த முடிவு அது. 1890களில் மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளை இதை மறுத்து எழுதினார். சம்பந்தர் மிக முற்பட்டவர் என்று காட்டுவதற்கான சான்றுகள் எளியவை: சம்பந்தரைச் சுந்தரர் போற்றுகிறார், தஞ்சைப் பெரியகோயிலில் திருப்பதியம் பாட முதலாம் இராசராசன் 48 பேரை அமர்த்தியதைக் கல்வெட்டுச் சொல்கிறது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயிலில் பாடப்பட்டதை 13ஆம் நூற்றாண்டில் பிறந்தவர் இயற்றியிருக்க இயலாது.

காலத்தின் கீழெல்லை இவ்வாறு உறுதியாயிற்று. அவர் எப்போது வாழ்ந்தார் என்பதற்குக் கல்வெட்டறிஞர் வெங்கையா மற்றொரு சங்கிலியைக் கோத்தார். திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் சம்பந்தர் சிறுத்தொண்டரைப் பாடுகிறார். சிறுத்தொண்டர் தம் மன்னனுக்காக வாதாபியை அழித்தவர் என்பது பெரியபுராணம். வாதாபியை வென்ற பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் என்பது செப்பேடும் கல்வெட்டும். அந்த வெற்றி 642ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்தது. ஆகவே சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டினர்.

இதில் நாம் கற்கவேண்டியது முடிவை அன்று, கண்ணிகள் வெளிப்படையாக இருப்பதை. பதிகம் சம்பந்தரின் சொந்த வாக்கு. கல்வெட்டு வெற்றிக்கு நெருங்கிய காலத்தது. நடுவிலுள்ள பெரியபுராணமோ 12ஆம் நூற்றாண்டு நூல். நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பிந்தியது. சங்கிலியை உடைக்க விரும்புகிறவர் எங்கே கைவைக்க வேண்டும் என்பதை வாதமே காட்டித் தருகிறது. நூற்றாண்டுக்கு மேலாகியும் அது நிற்பதற்கு இந்த நேர்மையும் ஒரு காரணம் என்று எண்ணுகிறோம். மாணவர் கட்டுரையிலும் இதைத்தான் எதிர்பார்க்கிறோம். உன் வாதத்தின் மிக மெலிந்த கண்ணி எது? அதை நீயே சொல். தேர்வாளர் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடாதே.

எழுதும் வரிசையைப் பற்றி ஒரு சொல். முன்னுரையைக் கடைசியில் எழுதுவது நல்லது. எங்கே போகிறோம் என்று தெரியாதபோது எழுதிய முன்னுரைகளே சங்க இலக்கியத்தின் பெருமையில் தொடங்கிப் பத்துப் பக்கம் நீள்கின்றன. கேள்வி இது, இதுவரை சொல்லப்பட்டது இது, என் விடை இது என்று ஒரு பக்கத்தில் சொல்லிவிடலாம். மேற்கோள் காட்டியபின் அதிலுள்ள ஒரு சொல்லைப் பற்றியேனும் பேசாவிட்டால் அந்த மேற்கோள் வெறும் தோரணம். அறிஞர் பலர் கருதுவர் என்ற இடத்தில் அந்த அறிஞரின் பெயரும் பக்க எண்ணும் வர வேண்டும். எனலாம் என்பதை உண்மையிலேயே ஐயமுள்ள இடத்துக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். உறுதியாகத் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் அதே எனலாம் என்றால் வாசகர் எதை நம்புவார்?

தன்மை இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆராயப்படுகிறது, காணப்படுகிறது, அறியப்படுகிறது என்று செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொள்வதையே ஆய்வுநடை என்று நம் மாணவர்கள் கற்றிருக்கிறார்கள். ஆராய்ந்தவர் யார்? நான் கருதுகிறேன் என்று எழுத ஒருவர் அஞ்சினால், பெரும்பாலும் அவர் இன்னும் எதையும் கருதவில்லை என்று பொருள். 'நாங்கள்' என்று பன்மையில் எழுதுபவர்கள் இதைச் சொல்வது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும்; இருப்பினும் சொல்லியாக வேண்டும்.

ஏனென்றால் இதில் மதிப்பெண்ணைவிடப் பெரிய ஒன்று பணயமாக இருக்கிறது. ஒரு கருத்தரங்கத் தொகுதிக்குப் பணம் கட்டினால் அச்சேறிவிடும் கட்டுரைகளின் காலத்தில் வாழ்கிறோம். பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் கருத்துத்திருட்டுக்கு விதி வகுத்தது. ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனையில்லை. அதே ஆண்டில் தரமான இதழ்களுக்கென ஏற்பட்ட பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. 2022இன் விதிகள் முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கின. விதிகள் வரும், போகும். 10 விழுக்காட்டுக்குள் அடங்கியும் ஒரு சொந்த எண்ணம்கூட இல்லாத கட்டுரை சாத்தியமே. இப்போது கணினியே இல்லாத நூல்களை அடிக்குறிப்பில் காட்டி இருபது பக்கம் எழுதித் தருகிறது. அன்றில் ஏன் தடா மரத்தில் இருக்கிறது என்று பாடலின் முன் தயங்கி நிற்பது மட்டும் இன்னும் மாணவரின் வேலையாகவே இருக்கிறது.

அந்த மாணவி கட்டுரையைத் திருத்தி எழுதினார். இருபத்தாறு பக்கம் பதினான்காகச் சுருங்கியது. அவருடைய நெறியாளருக்குத் தயக்கம் இருந்தது. உரைமரபை ஐயுறும் கட்டுரை வாய்மொழித்தேர்வில் எடுபடுமா, பிள்ளைக்கு மதிப்பெண் போய்விடுமோ என்ற கவலை. அக்கறையிலிருந்து வந்த கவலை என்பதால் அதை எள்ளி ஒதுக்க முடியாது. மாணவி வாதத்தை விடவில்லை. ஆனால் முடிவை மிகச் சிறியதாக்கினார். அன்றில் நெய்தலுக்கே உரியது என்று முன்கூட்டியே கொண்டு குறுந்தொகைப் பாடல்களை வகைப்படுத்த இயலாது, அவ்வளவே. ஏன் அப்படி என்பதற்கு மூன்று விளக்கங்களையும் வைத்து, ஒன்றைத் தாம் ஏற்பதாகவும், தம்மை மறுக்க விரும்புபவர் அகநானூற்றின் எந்தெந்தப் பாடல்களைப் பார்க்க வேண்டும் என்றும் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார்.

எங்களுள் ஒருவருக்கு அவர் ஏற்ற விளக்கத்தில் உடன்பாடில்லை. அந்தப் பாடல்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.